கருந்துளையை எடை போட்ட அக்கா

அந்த வானியல் துறையில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முதல் வருட மாணவர்கள் கூப்பிட்டார்கள், சரி. வாசல் காவலாளிக்கு அவளைவிடப் பதினைந்து வயது கூடுதல் இருக்கும், அவரும் கூப்பிட்டார், அதுவும் போகட்டும். அவளுடைய ஆய்வு வழிகாட்டியே "அக்கா, அந்தப் படம் ரெடியா?" என்றுதான் கேட்பார். அவளைவிட அவர் மூன்று வயது இளையவர். முதல் நாள் பேர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் தடுமாறிவிட்டு, பக்கத்தில் இருந்த மாணவர்கள் சொன்னதையே பிடித்துக்கொண்டார். அவள் அவரை சார் என்பாள். அக்காவும் சாரும் பேசிக்கொள்வதைக் கேட்கிற புது ஆட்களுக்கு, யார் யாரிடம் படிக்கிறார்கள் என்று விளங்க ஒரு வாரம் ஆகும்.

அவள் வந்து சேர்ந்த பாதை அப்படி. பட்டப்படிப்பில் இயற்பியலில் முதல் ஆளாக வந்தவள். மேலே படிக்க இடமும் கிடைத்திருந்தது. அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது, படுத்துவிட்டார். வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் இல்லை. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தாள். கார் மோதிவிட்டது, கூரை ஒழுகிவிட்டது என்று பணம் கேட்கிறவர்களுக்குப் போன் போட்டு, சொல்வது மெய்தானா என்று பக்குவமாக விசாரிக்கிற வேலை. "ரெண்டு வாரம்தான், அப்புறம் வேற ஏற்பாடு பண்ணிக்கலாம்" என்று நினைத்துத்தான் போனாள். அப்பா போய்ச் சேர்ந்தார், அவளுக்குக் கல்யாணம் ஆனது, தலையில் அங்கங்கே நரை எட்டிப் பார்த்தது. வேலை மட்டும் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டது.

கடைசியில் வேலைதான் அவளை விட்டது. அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கியது. வேறு ஊருக்குப் போகிறாயா, வீட்டுக்குப் போகிறாயா என்று கேட்டார்கள். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் வெறுமனே நின்றுகொண்டிருந்தபோது கணவர் வேலை முடிந்து வந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் போகத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "மூஞ்சி ஏன் தொங்குது?" என்றார்.

"வேலை போச்சுங்க."

"நல்லதாப் போச்சு. படிக்கணும் படிக்கணும்னு தூக்கத்துல கூட உளறிட்டு இருந்தே. இனிமே என்ன சாக்கு சொல்லப் போறே?"

"இந்த வயசுலயா?"

"காத்திருந்தா வயசு குறையவா போகுது?"

அவருடைய தங்கையும் அந்த வீட்டில்தான் இருந்தாள். மருந்துக்கடையில் வேலை. நாத்தனார் என்றால் நாக்கில் விஷம் என்பார்கள். இவள் நாக்கில் கேலிதான் இருந்தது. "நீங்க போங்க அண்ணி. காலைச் சமையல் என் பொறுப்பு. ருசியைப் பத்தி மட்டும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். அப்படித்தான் அக்கா நாற்பதைத் தொடப்போகிற வயதில் மறுபடியும் புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள்.

வழிகாட்டி வேலை செய்தது கருந்துளைகளின் எடையைப் பற்றி. முதல் மாதத்தில் அவர் அவளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து ஒரு புள்ளியைக் காட்டினார். பார்க்க சாதாரண நட்சத்திரம் மாதிரி இருந்தது. அது நட்சத்திரம் இல்லை, ஒரு முழு விண்மீன் மண்டலம். அதன் ஒளி இங்கே வந்து சேர ஐந்நூறு கோடி வருடம் ஆகிறது. நடுவில் ஒரு கருந்துளை உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் விழப்போகிற வாயு சுழன்று, உரசி, சூடேறி, அந்த மண்டலத்தின் நட்சத்திரங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் ஈடாகாத அளவுக்கு எரிகிறது.

"இதோட எடையை அளக்கணும் அக்கா. ஆனா இதை யாரும் எடுக்க மாட்டேங்குறாங்க."

"ஏன் சார்?"

"ரொம்ப மெதுவான ஆளு."

அவர் விளக்கினார். நடுவில் எரிகிற வெளிச்சம் ஒரே சீராக இருக்காது, கூடும், குறையும். கொஞ்சம் தள்ளி வாயு மேகங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. நடுவில் வெளிச்சம் கூடினால் அந்த மேகங்களும் கூடுதலாக ஒளிரும். ஆனால் உடனே இல்லை. வெளிச்சம் அங்கே போய்ச் சேர வேண்டுமே. அந்தத் தாமதத்தை அளந்துவிட்டால் மேகம் எவ்வளவு தூரத்தில் சுற்றுகிறது என்று தெரியும். எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்பதை நிறமாலையில், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்க்கும்போது தெரிகிற கோட்டின் அகலம் சொல்லிவிடும். அவ்வளவு தூரத்தில் அவ்வளவு வேகமாக ஓடுகிற மேகத்தைப் பிய்த்துக்கொண்டு போகவிடாமல் பிடித்து வைக்க நடுவில் எத்தனை எடை வேண்டும்? அதுதான் கருந்துளையின் எடை.

சின்னக் கருந்துளை என்றால் தாமதம் சில வாரம். இரண்டு மூன்று மாதம் பார்த்தால் ஆய்வுக்கட்டுரை கையில் வந்துவிடும். மாணவர்கள் எல்லாரும் அதைத்தான் எடுப்பார்கள். இது பெரியது. தாமதம் மட்டுமே நாலு வருடம் ஆகலாம் என்று கணக்கு சொன்னது.

"அதான் யோசிக்கிறேன், உங்களுக்கு ஏற்கெனவே..." என்று அவர் இழுத்தார்.

"ஏற்கெனவே வயசாயிடுச்சுன்னு சொல்றீங்க."

"அப்படிச் சொல்லல அக்கா."

"காத்திருக்கிறது ஒண்ணுதான் சார் எனக்கு நல்லாத் தெரிஞ்ச வேலை. குடுங்க, நான் பார்க்கிறேன்."

வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னாள். கணவர் மென்றுகொண்டே கேட்டார், முழுங்கிவிட்டுச் சொன்னார்: "புரியுது. லிஃப்ட் போற குழிக்கு மேல நின்னு ஒரு குரல் குடுத்தா, சத்தம் எப்ப திரும்பி வருதுன்னு பார்த்து ஆழத்தைச் சொல்லிடலாம். அதானே?"

"அதேதான்."

"எனக்குக் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடும். உனக்கு எப்ப வரும்?"

"நாலு வருஷம் ஆகும்."

அவர் தட்டில் குழம்பை ஊற்றிக்கொண்டார். தங்கைதான், "அதுவரைக்கும் குனிஞ்சுகிட்டே நிக்கணுமா அண்ணி? முதுகு பிடிச்சுக்கும். எங்க கடையில நல்ல தைலம் இருக்கு" என்றாள்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மலைமேல் இருந்த பெரிய தொலைநோக்கியை அங்கே இருக்கிறவர்களே இயக்கினார்கள். இவள் காலையில் துறைக்கு வந்து கணினியைத் திறந்தால் புது நிறமாலை வந்து உட்கார்ந்திருக்கும். அதைச் சுத்தம் செய்து, வெளிச்சத்தை அளந்து, வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பாள். அவளுடைய மேசை ஜன்னலோரம், வெந்நீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. மழைக்காலத்தில் எல்லாருடைய ஈரக் குடையும் அவள் நாற்காலி முதுகில்தான் தொங்கும்.

புள்ளிகள் சேர்ந்தன. ஆனால் அவை எழுதிய கோடு தரையில் விரித்த பாய் மாதிரி நீட்டிப் படுத்திருந்தது. மண்டலம் தூங்கிவிட்டது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதல் வருடம் போனது. இரண்டாவது வருடமும் அப்படியே போனது. குரல் கொடுத்தால்தானே எதிரொலி வரும்? அந்தப் பக்கம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. கூடச் சேர்ந்த மாணவர்கள் இரண்டு மூன்று கட்டுரை எழுதி, கல்யாணம் முடித்து, வெளிநாட்டு வேலைக்கு மூட்டை கட்டினார்கள். விடை பெற வரும்போது, "உங்க ஆளு எழுந்தாரா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் சிரித்து அனுப்பிவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வருவாள்.

மூன்றாம் வருடத் தொடக்கத்தில், தொலைநோக்கி நேரத்தைப் பங்கு பிரிக்கிற குழு அவளைக் கூப்பிட்டது. குழுத் தலைவர் பெயர்பெற்ற ஆள். தாமதத்துக்குக் காத்திருக்காமல், ஒரே ஒரு நிறமாலையைப் பார்த்துக் கருந்துளையின் எடையை மதிப்பிடுகிற குறுக்குவழி அவருடைய குழு செம்மைப்படுத்தியதுதான். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற முறை. ஆயிரக்கணக்கான கருந்துளைகளுக்கு அப்படி எடை சொல்லியிருந்தார்கள். அவளுடைய மண்டலத்துக்கும் சொல்லியிருந்தார்கள்: நூற்று எண்பது கோடிச் சூரியன்கள்.

"ரெண்டு வருஷமா ஒரே பொருளைப் பார்க்கறீங்க. அது அசையவே இல்லை. எத்தனையோ பேர் நேரம் கேட்டு வரிசையில நிக்கிறாங்கம்மா" என்றார் தலைவர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அசையாததும் உபயோகம்தான் சார். அது முழிக்கும்போது எதிரொலி எது, பழைய வெளிச்சம் எதுன்னு குழப்பம் வராது. வெள்ளைத் துணியிலதானே சாயம் சரியாத் தெரியும்."

"முழிக்கலைன்னா?"

"முழிக்கும் சார்" என்றாள்.

நேரத்தைப் பாதியாகக் குறைத்தார்கள். படியிறங்கும்போது வழிகாட்டி, "ஒரேயடியா நிறுத்தாம விட்டாங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்" என்றார். இரண்டு பேருக்கும் சந்தோஷம் இல்லை. மாதத்துக்கு ஒரு முறை மட்டும் பார்த்தால், இடையில் அந்த மண்டலம் கண்ணைத் திறந்து மூடினால்கூடத் தெரியாது.

இரண்டு நாள் அவள் அந்த வரைபடத்தைத் திறக்கவே இல்லை. மூன்றாம் நாள் பஸ்ஸில் வரும்போது ஒன்று தோன்றியது. கோட்டின் அகலத்தை அளக்கத்தான் பெரிய தொலைநோக்கி வேண்டும். வெளிச்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க அது எதற்கு? மொட்டைமாடியில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கி போதுமே. உலகம் முழுக்க அப்படி வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓரிடத்தில் மேகம் மூடினால் இன்னோரிடத்தில் வானம் திறந்திருக்கும்.

ஆட்களைத் தேடிப் பேச ஆரம்பித்தாள். இங்கேதான் காப்பீட்டு வேலை கைகொடுத்தது. முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு, அவர் போனை வைத்துவிடாமல் பேசவைப்பது எப்படி என்று அவளுக்கு அத்துப்படி. முதலில் அவர்கள் தொலைநோக்கியைப் பற்றிக் கேட்பாள், பேசி முடிக்கட்டும் என்று விடுவாள், அப்புறம்தான் தன் மண்டலத்தைப் பற்றிச் சொல்வாள். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஒருவர் சேர்ந்தார். ஒரு பல் மருத்துவர் சேர்ந்தார். ஒரு பெண்கள் பள்ளியின் கணக்கு டீச்சர், பாலைவன ஓரத்தில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கிற அண்ணன் தம்பி இரண்டு பேர், ஒரு தீவில் தபால் கொடுக்கிற பெண்மணி என்று பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் கருவியும் ஒவ்வொரு விதமாக அளந்தது. அத்தனையையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர அவளும் வழிகாட்டியும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். கடைசியில் புள்ளிகள் எல்லாம் ஒரே கோட்டில் சேர்ந்து உட்கார்ந்தபோது வழிகாட்டி சொன்னார்: "அக்கா, குழுகிட்ட இருந்து முழு நேரமும் கிடைச்சிருந்தாலும் இவ்வளவு நெருக்கமா பார்த்திருக்க முடியாது."

அந்த வருடம் பாதி தாண்டியிருக்கும். ஒரு நாள் காலை அவள் பஸ்ஸுக்கு நிற்கும்போது பல் மருத்துவரிடமிருந்து செய்தி வந்தது. "மேடம், உங்க ஆளு கொஞ்சம் கூடுதலா மின்னுற மாதிரி தெரியுது. என் கண்ணு ஏமாத்துதான்னு ரெண்டு தடவை அளந்து பார்த்துட்டேன்."

ஆசைப்பட்டுவிடக் கூடாது என்று மனதைக் கட்டிப்போட்டாள். மறுநாள் தபால் பெண்மணியின் அளவும் அதையே சொன்னது. அதற்கடுத்து ரயில் ஓட்டுநரின் அளவு. பாய் மாதிரிக் கிடந்த கோடு தலையைத் தூக்கியது. வாரங்கள் போகப் போக ஏறியது. உச்சிக்குப் போய் இறங்கியது, சில மாதம் கழித்து மறுபடி ஏறி இன்னொரு உச்சியைத் தொட்டு இறங்கியது. ஒட்டகத்தின் முதுகு மாதிரி இரண்டு திமில். அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து வழிகாட்டியின் கதவில் ஒட்டினாள். அவர் வந்து இரண்டு திமிலையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "இனிமே எதிரொலிக்குக் காத்திருக்கிறதுதான் பாக்கி. நாலு வருஷம். நான் உங்களுக்கு உதவித்தொகை எங்கேயாவது தேடுறேன்" என்றார்.

நாலு வருடம் ஆகவில்லை. இரண்டு வருடம்கூட முழுசாக ஆகவில்லை.

வருடத்தில் சில மாதம் அந்த மண்டலம் சூரியன் இருக்கிற பக்கமாகப் போய்விடும், யாராலும் பார்க்க முடியாது. அந்த வருடம் அது மறுபடி கண்ணுக்கு வந்தபோது, நிறமாலையில் வாயு மேகங்களின் கோடு எப்போதும் இருப்பதைவிடப் பிரகாசமாக இருந்தது. அடுத்த நிறமாலையிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் கொஞ்சம் இறங்கியிருந்தது. முதல் திமிலின் எதிரொலி மாதிரி இருந்தது. ஏறின பக்கத்தைச் சூரியன் விழுங்கிவிட்டது, இறங்குகிற பக்கம்தான் கிடைத்தது.

அவளுக்கு சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதே. மலைக்குப் போன் போட்டாள். அங்கே கருவியைப் பார்த்துக்கொள்கிறவர், "ஆமாம், உள்ளே அளவு சரிபார்க்கிற விளக்கு ஒண்ணை மாத்தினோம்" என்றார். புது விளக்கு போட்ட கோளாறுதானா? அந்த மண்டலத்தின் நிறமாலையிலேயே இன்னொரு மெல்லிய கோடு உண்டு. அது மிகத் தொலைவில் பரந்து கிடக்கிற வாயுவிலிருந்து வருவது, மனித ஆயுசில் மாறாது. அதையே அளவுகோலாக வைத்து, எல்லா வருடத்து நிறமாலையையும் ஆதியிலிருந்து மறுபடி அளந்தாள். மெல்லிய கோடு இருந்த இடத்தில் இருந்தபடி இருந்தது. மேகங்களின் அகலமான கோடு மட்டும் ஏறி இறங்கியிருந்தது. விளக்கின் மேல் தப்பில்லை. மேகங்கள் எல்லாரும் நினைத்ததைவிடப் பக்கத்தில் சுற்றுகின்றன. அப்படியானால் கருந்துளையின் எடை எழுபது கோடிச் சூரியன்தான். தலைவரின் குறுக்குவழி சொன்னதில் பாதிகூட இல்லை.

மாநாட்டில் இதைச் சொன்னாள். பெரிய அரங்கம். கேள்வி நேரத்தில் தலைவர் எழுந்தார்.

"ஏற்றம் முழுக்கச் சூரியனுக்குப் பின்னாடி நடந்ததுங்கிறீங்க. நாம பார்க்காத இடைவெளி நம்மளை ஏமாத்தலாம் இல்லையா? பார்க்காத இடத்துல எதை வேணும்னாலும் வரையலாமே."

நியாயமான கேள்வி. ராத்திரி பகல் அவளே தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள். பதில் ஏற்கெனவே யோசித்து வைத்ததுதான்.

"ஏமாத்தலாம் சார். அதனால ஒண்ணு சொல்றேன். இது ரெட்டைத் திமில். முதல் திமிலோட எதிரொலி பாதிதான் கிடைச்சுது. நான் சொல்ற தாமதம் சரின்னா, ரெண்டாவது திமிலோட எதிரொலி வர்ற வசந்தத்துல ஆரம்பிச்சு கோடைக்குள்ள உச்சிக்குப் போகணும். அப்ப சூரியன் குறுக்கே இல்லை. வரலைன்னா நான் சொன்னது தப்புன்னு நானே இதே மேடையில வந்து சொல்றேன்."

அரங்கத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. வழிகாட்டி முன்வரிசையில் கையால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே வந்ததும், "அக்கா, ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லிட்டுச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொல்லியிருந்தா விட்டிருப்பீங்களா சார்?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

குழு அந்த வசந்தத்துக்கு அவளுக்கு முழு நேரம் கொடுத்தது. கொடுக்கச் சொன்னதே தலைவர்தான் என்று பிறகு தெரிந்தது. "சவால் விட்டா பார்த்துத்தான் ஆகணும்" என்றாராம்.

வசந்தம் வந்தது. முதல் நிறமாலையில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. வீட்டில் நாத்தனார் கேலியை நிறுத்திவிட்டாள். அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று அக்காவுக்குப் புரிந்தது. மூன்றாவது வந்த காலையில் துறையில் அவளைத் தவிர யாரும் வரவில்லை. அளந்தாள். ஒரு துளி கூடியிருந்தது. பிழையாக இருக்கலாம் என்கிற அளவுக்குத்தான். நான்காவதில் பிழை என்று சொல்ல முடியவில்லை. ஐந்தாவதில் குருடனுக்கும் தெரியும். கோடைக்குள் உச்சியைத் தொட்டு, அவள் சொன்ன பக்கமே இறங்கத் தொடங்கியது. முதலில் மண்டலத்தின் ஒளி எழுதிய திமிலையும், பிறகு மேகங்கள் எழுதிய திமிலையும் ஒன்றின் மேல் ஒன்று நகர்த்தி வைத்தபோது, கொஞ்சம் மழுங்கிய நகல் மாதிரி அச்சாகப் பொருந்தியது.

லிஃப்ட் மெக்கானிக்குக்கு அன்று ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. போனில் அவள் குரல் கேட்டதும், "வந்துடுச்சா?" என்றார்.

"வந்துடுச்சுங்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. "குழிக்குள்ள நிக்கிறேன், தூசி" என்றார்.

இனி ஒரே ஒரு முடிச்சு பாக்கி. தலைவரே போன் செய்து சொன்னார்: "தாமதம் சரிம்மா, ஒத்துக்கறேன். ஆனா தாமதத்தை எடையா மாத்தும்போது, மேகங்கள் எந்த வடிவத்துல சுத்துதுன்னு ஒரு ஊகம் பண்றீங்க. அந்த ஊகம் தப்புன்னா எடையும் தப்பு. வேற வழியில யாராவது அளந்தா நல்லது."

வேறு வழியில் அளக்கிறவர்கள் இருந்தார்கள். கடல்களுக்கு அப்பால், நான்கு பெரிய தொலைநோக்கிகளின் ஒளியை ஒன்றாகச் சேர்த்து, ஒரே ராட்சதத் தொலைநோக்கி மாதிரி ஆக்கிப் பார்க்கிற குழு. அவர்களுக்குத் தாமதம் வேண்டாம். மேகங்கள் சுற்றுகிற அந்த வளையத்தையே நேரடியாக அளந்துவிடுவார்கள். அந்தக் குழுவுக்குத் தலைமை ஒரு பெண்மணி, யாரிடமும் ஒட்டாமல் பேசுகிறவர். அவர் ஒரு நிபந்தனை வைத்தார். "உங்க அளவை நாங்க பார்க்க மாட்டோம். மாநாட்டுல நீங்க சொன்னது பழைய கணக்கு, அது எனக்குத் தெரியும். புதுசா முழுசா அளந்து முடிங்க, பிழையோட. நாங்களும் முடிக்கிறோம். ஒரே நேரத்துல ரெண்டு பேரும் பலகையில எழுதுவோம். ஒத்துப்போகலைன்னா, ஒத்துப்போகலைன்னே வெளியிடுவோம்."

"சரிங்க" என்றாள் அக்கா.

அந்த மத்தியானம் துறையின் கருத்தரங்க அறை நிரம்பி வழிந்தது. ஜன்னல் மேடையில்கூட உட்கார்ந்திருந்தார்கள். திரையின் ஒரு பாதியில் கடலுக்கு அப்பாலிருந்த குழு தெரிந்தது, மறு பாதியில் சின்னச் சின்னக் கட்டங்களில் ரயில் ஓட்டுநர், தபால் பெண்மணி, பெட்ரோல் பங்க் சகோதரர்கள். பல் மருத்துவர் வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பின்னால் யாரோ வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தது தெரிந்தது. கணவர் வேலைச் சட்டையோடே வந்து கதவோரம் நின்றார். நாத்தனார் கடைக்கு அரைநாள் விடுப்பு போட்டிருந்தாள். தலைவர் முன்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார்.

அக்கா பேனாவைத் திறந்தாள். எழுபத்திரண்டு கோடி என்று எழுதினாள். பக்கத்தில் பிழை: கூடக் குறைய பதினொரு கோடி. எழுதி முடித்துத் திரும்பித் திரையைப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. பலகையைப் பார்த்தபடியே நின்றாள். முதலில் கேட்டது நாத்தனாரின் குரல்தான்.

"அண்ணி, திரும்பிப் பாருங்க."

திரையில், அந்த ஒட்டாமல் பேசுகிற பெண்மணியின் பலகையில் அறுபத்தெட்டு கோடி என்று இருந்தது. பிழை பத்துக் கோடி. இரண்டு அளவுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம், இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட பிழைக்குள் அடங்கிப் போனது. ஐந்நூறு கோடி வருடத் தூரத்தில், யாரும் பார்த்திராத, பார்க்கவும் முடியாத ஒன்றை இரண்டு கூட்டம் இரண்டு வழியில் நிறுத்துப் பார்த்து ஒரே எடையைச் சொல்லியிருந்தது.

அந்தப் பெண்மணி முதல் தடவையாகச் சிரித்தார். "வாழ்த்துகள். இது எங்களுக்கும் பெரிய நிம்மதி" என்றார்.

அறையில் கைதட்டல் எப்போது ஆரம்பித்தது என்று அக்காவுக்குத் தெரியவில்லை. வழிகாட்டி வந்து அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் எழுந்து பலகைக்குப் பக்கத்தில் வந்து இரண்டு எண்களையும் பார்த்தார். "என் குறுக்குவழி இந்த மாதிரி வாயுவை வேகமா விழுங்கி எரியவைக்கிற கருந்துளைகளுக்குப் பொருந்தல. எத்தனை கருந்துளைக்குத் தப்பா எடை சொல்லியிருக்கேனோ. திருத்தணும். கூட வேலை செய்வீங்களா?" என்று கேட்டார்.

"செய்யலாம் சார். முதல்ல கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான்.

அந்தத் திருத்தம் மூன்று வருட வேலையாக நீண்டது. அவளுடைய மண்டலத்தின் அளவை நிலம் அளக்கிறவர்கள் நடுகிற கல் மாதிரி நட்டு, அதே மாதிரி இன்னும் சிலவற்றை அளந்து, குறுக்குவழிக் கணக்கையே மாற்றி எழுதினார்கள். ஆயிரக்கணக்கான கருந்துளைகள் எடை குறைந்தன. "உலகத்திலேயே இத்தனை பேரை ஒரே நேரத்துல இளைக்க வச்ச ஆளு எங்க அண்ணிதான்" என்று நாத்தனார் மருந்துக்கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆய்வுக்கட்டுரையில் மொட்டைமாடிக்காரர்கள் அத்தனை பேர் பெயரும் வந்தது. பல் மருத்துவர் அதன் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். நோயாளி ஒருத்தர் நாற்காலியில் படுத்தபடி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கருந்துளைன்னு போட்டிருக்கே, அது எந்தப் பல்லுல டாக்டர்?" என்று கேட்டாராம். அதை அவர் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னபோது, அவள் வகுப்பு எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். அதே துறையில் இப்போது அவள் பேராசிரியை. கதவில் பெயரும் பட்டமும் எழுதிய பலகை இருக்கிறது. படிப்பதற்குத்தான் யாரும் நிற்பதில்லை. கதவைத் தட்டுகிறவர்கள் தட்டிக்கொண்டே, "அக்கா, உள்ளே வரலாமா?" என்கிறார்கள்.

போனில் சிரித்து முடித்துவிட்டு அவள் வகுப்புக்குள் நுழைந்தாள். பலகையில் ஒரு புள்ளி வைத்தாள். "இது இன்னும் பெரிசு. இதோட எதிரொலி வர ஏழெட்டு வருஷம் ஆகலாம். யாருக்கு வேணும்?" என்று கேட்டாள்.

மூன்று கைகள் உயர்ந்தன.